மெட்ராஸில் பிறக்காத மெட்ராஸ் துப்பாக்கிகள்

பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம், இரண்டு குழல்களுக்கும் நடுவே மேலாக ஓடும் பட்டை. ‘ரிப்’ என்பார்கள். பெயரும் ஊரும் அங்கேதான் வெட்டியிருக்கும். லண்டன் பர்டி, லண்டன் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட், பர்மிங்காம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், இப்படி. தென்னிந்தியக் குடும்பங்களில் தங்கிப்போன துப்பாக்கிகளில் இன்னும் சில பெயர்கள் வரும்: ‘பி. ஆர் அண்டு சன்ஸ், மெட்ராஸ்’, ‘ஓக்ஸ் அண்டு கோ, மெட்ராஸ்’. சிலவற்றில் ‘மெட்ராஸ் அண்டு ரங்கூன்’ என்றுகூட இருக்கும்.

ஆமாம், மவுண்ட் ரோட்டில் இன்னும் இருக்கும் அந்தக் கடிகாரக் கடைதான். ‘ஆர்’ என்பது இனிஷியல் இல்லை, ஆளின் பெயர். பீட்டர் ஆர் என்ற கடிகாரக்காரர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெட்ராஸுக்கு வந்து, ஏற்கெனவே இருந்த ஒரு கடிகார வியாபாரத்தை எடுத்து நடத்தி, பிறகு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். 1879இல் எழுந்த கட்டடத்தை ராபர்ட் சிஸோம் வடிவமைத்தார். கடிகாரம், நகை, வெள்ளிச் சாமான், அளவைக் கருவி என்று துரைமார்களுக்குத் தேவையான நுட்பமான உலோகச் சாமான் எல்லாம் அங்கே கிடைத்தது. அந்த வரிசையில் துப்பாக்கியும் ஒன்று.

ஆனால் பட்டையில் ‘மெட்ராஸ்’ என்று இருக்கிற துப்பாக்கி மெட்ராஸில் செய்யப்பட்டது இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். அந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன, இங்கே யாரிடம் இருந்தன, இப்போது ஒவ்வொன்றாக எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று கொஞ்சம் பார்க்கலாம்.

கடையின் பெயர், கைகளின் ஊர்

காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்கிறார். புடவை தி. நகர் கடைக்கு வருகிறது. பெட்டியில் கடையின் பெயர். நெய்தவர் பெயர் எங்கேயும் கிடையாது. இங்கிலீஷ் துப்பாக்கி வியாபாரமும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது.

பர்மிங்காமில் ‘கன் குவார்ட்டர்’ என்று ஒரு பேட்டை. அங்கே ஒரு துப்பாக்கியை முழுசாக ஒரே ஆள் செய்வது அபூர்வம். குழல் கடைபவர் ஒருவர், பூட்டு அராவுபவர் ஒருவர், குழலையும் ‘ஆக்‌ஷன்’ என்கிற நடுப்பகுதியையும் பொருத்துபவர் ஒருவர், வால்நட் கட்டை செதுக்குபவர் ஒருவர், பூ வேலை வெட்டுபவர் ஒருவர். சின்னச் சின்னப் பட்டறைகள். சாமான் ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகும். வெப்லி, டபிள்யூ. அண்டு சி. ஸ்காட் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் விற்றார்கள், மற்ற கடைக்காரர் பெயரை வெட்டியும் அனுப்பினார்கள். இங்கிலாந்தின் சின்ன ஊர்க் கடைகளுக்குப் போனது அந்தச் சரக்குதான். கல்கத்தாவின் ராடா, மவுண்ட் ரோட்டின் ஆர் போன்ற கடைகளும் அந்த வியாபார வலைக்குள்தான் இருந்தன.

சேகரிப்பவர்கள் நடுவே இதனால் ஒரு ஏற்றத்தாழ்வு உண்டு. பர்டி போன்ற லண்டன் கம்பெனிகள் எண் வாரியாகப் பேரேடு வைத்திருக்கின்றன. எண்ணைச் சொன்னால் எந்த வருஷம், யாருக்காக, எத்தனை அங்குலக் குழல் என்று எடுத்துச் சொல்ல முடியும். அதனால் விலையும் ஏறும். கடைப் பெயர் போட்ட பர்மிங்காம் துப்பாக்கிக்கு அந்த ஜாதகம் பெரும்பாலும் கிடையாது. ஏலத்தில் மதிப்பு குறைவு. ஆனால் மெட்ராஸின் கதை தெரிய வேண்டும் என்றால், ஜாதகம் இல்லாத இந்தத் துப்பாக்கிதான் நமக்கு முக்கியம். பர்டியின் பேரேட்டில் ஒரு பிரபுவின் பெயர் இருக்கும். ஆர் கடைத் துப்பாக்கியில் நம் ஊரின் பெயர் இருக்கிறது.

முத்திரை படிப்பது

பேரேடு இல்லாவிட்டாலும் துப்பாக்கியே கொஞ்சம் பேசும். குழலைக் கழற்றித் திருப்பினால் அடியில் தட்டையான பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் தெரியும். இங்கிலாந்தில் எந்தத் துப்பாக்கியும் விற்பனைக்குப் போகும் முன் அதிகப்படியான மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். லண்டனில் இந்த வழக்கம் பல நூற்றாண்டாக உண்டு. பர்மிங்காமுக்குத் தனி சோதனைச்சாலை 1813இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்தது. நம் நகைக்கடை ஹால்மார்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம், இங்கே முத்திரை பொய் என்றால் போவது பணம் மட்டும் இல்லை, விரலும் கண்ணும்.

கிரீடத்தின் கீழ் குறுக்காக இரண்டு செங்கோல், அதில் பி, பி, சி என்ற எழுத்துகள் இருந்தால் பர்மிங்காம், 1904க்கு முந்தியது. 1904 முதல் பர்மிங்காமில் கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்று மாறிவிடும். ‘நாட் ஃபார் பால்’ என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தால் இன்னும் வசதி. குழலின் வாய்ப்பக்கம் சற்றே குறுகிய ‘சோக்’ குழல், அதில் ஒற்றைக் குண்டு போட்டுச் சுடாதே என்ற எச்சரிக்கை அது. 1875 விதிகளில் வந்தது, 1887இல் போய்விட்டது. ஆக, அந்த மூன்று வார்த்தை இருந்தால் துப்பாக்கியின் பிறப்பு அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள்.

‘12’ என்ற எண்ணும் இருக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஒரு உருண்டைக்கு என்ன விட்டமோ, அதுதான் பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம். சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனால்தான் 20 போர் என்பது 12ஐ விடச் சின்னது. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும்.

கடைசியாகத் தேட வேண்டியது ‘நைட்ரோ’ முத்திரை. பழைய கறுப்பு மருந்து ‘குபுக்’ என்று புகையோடு எரியும். பின்னால் வந்த புகையில்லா மருந்தின் அழுத்தம் வேறு மாதிரி. 1896 விதிகளுக்குப் பிறகு புகையில்லா மருந்துக்கென்று தனிச் சோதனையும் முத்திரையும் வந்தன. அந்த முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. தோட்டாவின் நீளமும் ஒரு சிக்கல். பழைய சேம்பர் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், இன்றைய தோட்டாவில் பல இரண்டே முக்கால் அங்குலம். உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும்.

தமாஸ்கஸும் பரங்கிப்பேட்டையும்

இந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பலவற்றின் குழலில் கோலம் மாதிரி ஒரு சுழி ஓடும். தமாஸ்கஸ் குழல் என்று பெயர். இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, பட்டையாக அடித்து, அந்தப் பட்டையை ஒரு உருளையின் மேல் கயிறு சுற்றுவது போலச் சுற்றிப் பற்றவைத்துச் செய்வது. பிறகு மெதுவாகத் துருவேற்றித் தேய்த்தால் இரும்பும் எஃகும் வேறு வேறு நிறமாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலீஷ் பெயர் போட்ட துப்பாக்கிகளின் தமாஸ்கஸ் குழல்களில் கணிசமானவை பெல்ஜியத்தின் லியேஜ் பக்கத்துப் பட்டறைகளில் சுற்றியவை. ஆக ஒரு ‘மெட்ராஸ்’ துப்பாக்கிக்குக் குழல் பெல்ஜியம், வேலைப்பாடு பர்மிங்காம், பெயர் மட்டும் மவுண்ட் ரோடு என்றுகூட அமையலாம்.

‘தமாஸ்கஸ்’ என்றதும் நம்மவர்கள் உடனே தென்னிந்திய உருக்கு எஃகைச் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. மூசையில் உருக்கி எடுத்த நம் எஃகிலிருந்து அடித்த வாளில் தெரியும் அலை, உலோகத்தின் உள்ளிருந்தே வருவது. குழலில் தெரிவது இரண்டு உலோகத்தை முறுக்கிய அச்சு. பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டு இரும்புக்கும் இங்கிலாந்துப் பட்டறைக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு இருந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி, வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாது, காட்டு மரக்கரி. இங்கிருந்து இரும்பு ஷெஃபீல்டுக்கும் போனது. பிறகு ஹீத்தே இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் அதனால் செழித்தார்கள். ஹீத்துக்கு மிஞ்சியது நீண்ட வழக்குதான், 1851இல் இறந்துபோனார். பரங்கிப்பேட்டை ஆலையும் நிலைக்கவில்லை. இரும்பு இங்கிருந்து போனது, துப்பாக்கி அங்கிருந்து வந்தது. கம்பெனி காலத்து வியாபாரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

உள்ளானும் வேடந்தாங்கலும்

இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இங்கே எதைச் சுட்டார்கள்? புலி, யானை எல்லாம் ரைஃபிள் கதை. ரவை போட்டுச் சுடும் துப்பாக்கி முக்கியமாகப் பறவைக்கு. மெட்ராஸைச் சுற்றிய ஏரியும் வயலும் குளிர்காலத்தில் வாத்தும் உள்ளானும் வந்து இறங்கும் இடம். உள்ளான் என்பது நீண்ட அலகுள்ள சின்னப் பறவை, ஆங்கிலத்தில் ஸ்னைப். சேற்று வயலில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும். காலடியில் வந்ததும் ‘விருட்’டென்று எழும்பி வளைந்து வளைந்து பறக்கும். அதைச் சுட்டு வீழ்த்துவது துரைமார்களுக்குக் கௌரவம். ‘ஸ்னைப்பர்’ என்ற சொல்லே 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கில அதிகாரிகளின் உள்ளான் வேட்டைப் பேச்சிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள்.

வயல் யாருடையது, ஏரி யாருடையது என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள், சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். ஜீவகாருண்யம் மட்டும் காரணம் இல்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். துப்பாக்கி ஏரிக்கரைக்கு வந்தால் விளைச்சல் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆவணம் தொலைந்தபோது 1858இல் திரும்பவும் கேட்டு வாங்கினார்கள். வேட்டைத் துப்பாக்கியின் தமிழ்நாட்டு வரலாற்றை எழுதினால், முதல் அத்தியாயம் துப்பாக்கிக்கு எதிராக வாங்கிய இந்தக் காகிதமாகத்தான் இருக்க வேண்டும். நீலகிரியில் வேட்டைக்காரர்களே விலங்கு குறைவதைக் கண்டு பயந்து 1879இல் வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள் என்றால், வேடந்தாங்கல்காரர்கள் அவர்களுக்கு எண்பது வருஷம் முன்னால்.

யார் கையில்?

1801 டிசம்பர் 1ஆம் தேதி, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தபோது, மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களது ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது சாரம். கோட்டைகள் இடிந்தன, வேலும் வாளும் துப்பாக்கியும் பிடுங்கப்பட்டன. தஞ்சை அரண்மனைக் கொட்டடியில் இருந்தவற்றில் எஞ்சியதைத்தான் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிறோம்.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. ஆர் கடையில் ஒரே கண்ணாடி அலமாரி. அதன் முன் நின்ற துரைக்குப் பணம் இருந்தால் போதும். பக்கத்தில் நின்ற ஜமீன்தாருக்கோ வக்கீலுக்கோ பணத்தோடு அரசாங்கத்தின் நம்பிக்கையும் வேண்டும். பழைய குடும்பங்களில் துப்பாக்கி கௌரவச் சின்னமாக மாறியதற்குக் காரணம் வேட்டை ஆசை மட்டும் இல்லை. ‘கலெக்டர் லைசென்ஸ் கொடுத்த வீடு’ என்பதே ஒரு அந்தஸ்து. குடகில் மட்டும் கொடவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அது இன்றுவரை நீண்டு, 2029 வரை செல்லும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. அங்கே துப்பாக்கிக்குப் பூஜை, இங்கே துப்பாக்கிக்குப் போலீஸ் ஸ்டேஷன்.

கோட்டூர்புரத்து அலமாரி

இதெல்லாம் ஏதோ ஜமீன் கதை என்று நினைக்க வேண்டாம். கோட்டூர்புரத்தில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு மாமி ஒருவர், போன வருஷம் கணவர் இறந்த பிறகு கேட்டார்: “அவரோட தாத்தா துப்பாக்கி ஒண்ணு இருக்கு. லைசென்ஸ் அவர் பேர்ல. இப்போ அதை என்ன பண்றது? ஸ்டேஷன்ல குடுத்துடட்டுமா?”

அமெரிக்காவில் இருக்கும் அவர் தங்கை மகனுக்கு வேறு யோசனை. “பெரியம்மா, நூறு வருஷம் ஆனா ஆன்டிக். லைசென்ஸே வேண்டாம். நான் இங்க எடுத்துண்டு வந்துடறேன்” என்று போனில் சொல்லியிருக்கிறார்.

துப்பாக்கி தோல் பெட்டியில், பச்சைக் கம்பளி விரிப்பில், பாச்சை உருண்டையோடு பீரோவில் இருந்தது. வீட்டுக் கதைப்படி, செங்கல்பட்டில் வக்கீலாக இருந்த தாத்தா 1930களில் புதுசாக வாங்கியது. பட்டையில் ஆர் கடைப் பெயர். வெளியே குதிரை வைத்த மாதிரி, அதாவது சுத்தி இரண்டும் வெளியே தெரியும் பழைய அமைப்பு. குழல் அடியில் செங்கோல் முத்திரை, கூடவே ‘நாட் ஃபார் பால்’. நைட்ரோ முத்திரை இல்லை. ஆக, தாத்தா கைக்கு வரும்போதே அதற்கு வயசு ஐம்பதுக்குக் கிட்டத்தட்ட. அதற்கு முன் யார் தோளில் ஏறி எந்த ஏரிக்குப் போனதோ. மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ இது செகண்ட் ஹாண்டா! அவர் தாத்தா சொல்லவே இல்லையே” என்று சிரித்தார்.

தோல் பெட்டி பார்க்க அழகு, நம் ஊருக்கு எமன். தோலும் கம்பளியும் கடல்காற்று ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு குழலோடு ஒட்டவைக்கும். பெட்டி இருந்தால் தனியாக வைக்க வேண்டும். எண்ணெய் அதிகமாகப் போட்டு நிமிர்த்தி வைப்பதும் கெடுதல். எண்ணெய் மெல்ல இறங்கி ஆக்‌ஷனை ஒட்டிய வால்நட் கட்டைக்குள் ஊறி, கட்டை கறுத்து மெத்தென்று ஆகிவிடும். பிறகு திருகாணி பிடிக்காது. தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அங்கே சாத்திவைத்திருந்து திரும்பி வரும்போது குழலுக்குள் எட்டிப் பார்ப்பது நல்லது.

சீர்செய்வது என்றால் என்ன

இங்கிலாந்தில் பழைய துப்பாக்கியைச் சீர்செய்பவர்கள் முதலில் செய்வது ஒன்றுமே செய்யாமல் இருப்பது. பார்ப்பார்கள், அளப்பார்கள். குழலைக் கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு விரலால் சுண்டுவார்கள். பாத்திரக் கடையில் வெண்கலத்தைத் தட்டிப் பார்ப்பது போல. ‘ணங்’ என்று மணி ஓசை நீண்டால் பட்டை நன்றாக ஒட்டியிருக்கிறது. ‘டொக்’ என்றால் ஈயப் பற்று எங்கோ விட்டிருக்கிறது. பூட்டிய பிறகு குழலுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பிணைப்பு தேய்ந்திருக்கிறது. குழலுக்குள் துருக்குழி இருந்தால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் தேய்க்கத் தேய்க்கச் சுவர் மெலியும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் கனத்தை அளந்த பிறகே கை வைப்பார்கள். பெரிய வேலை செய்தால் சோதனைச்சாலைக்கு அனுப்பி மறு முத்திரை வாங்க வேண்டும்.

நம் ஊரில் நடக்கும் ‘சீர்செய்தல்’ பெரும்பாலும் பளபளப்பு. பஃபிங் சக்கரத்தில் பிடித்து வெள்ளி மாதிரி மின்ன வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் நுண்ணிய பூ வேலை, முத்திரை, எண், எல்லாம் மழுங்கிப்போகும். சூடான உப்புக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றுவது அதைவிட மோசம். அந்தக் கரைசல் பட்டையைப் பிடித்திருக்கும் ஈயப் பற்றையே தின்றுவிடும். தமாஸ்கஸ் குழலுக்கு மெதுவாகத் துருவேற்றும் பழைய பழுப்பு முறைதான் சரி. கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் துளித் துளியாக, கை சூட்டில் தேய்த்து, வாரக்கணக்கில். வார்னிஷ் வேண்டாம்.

இன்னொன்று. ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து ஒரு ஊசியைக் கடைந்துகொள்வது குற்றம். குழலைத் துணியால் துடைத்து எண்ணெய் தடவுவதோடு வீட்டு வேலை முடிந்தது.

நூறு வருஷம் ஆனால் போதுமா?

மாமியின் தங்கை மகன் சொன்னது பரவலான நம்பிக்கை. சட்டம் அப்படி இல்லை. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு கொடுக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக இருக்க வேண்டும். கல்லுரசித் தீப்பிடிக்கும் துருப்பிடித்த கட்டை என்றால் பேசிப் பார்க்கலாம். பன்னிரண்டு போர் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. மாமி வீட்டுத் துப்பாக்கி வயசு எவ்வளவானாலும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே தர்க்கம். காட்சிப் பொருளாக வைக்கும் பழங்காலத் துப்பாக்கிக்கு அங்கே விலக்கு உண்டு, ஆனால் தோட்டா வழக்கொழிந்துபோன வகைகளுக்குத்தான். அதற்குள்ளும் பன்னிரண்டு போர் வராது.

அமெரிக்காவுக்குக் கொண்டுபோவதும் நடக்காது. நூறு வருஷம் கடந்த, வரலாற்று ஆர்வம் உள்ள பொருள் என்ற வரையறைக்குள் வந்தால் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. அதே 1972இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்து வேட்டையை முடித்துவைக்கத் தொடங்கியது. உள்ளான் பிழைத்தது, துப்பாக்கிக்கு வேலை போனது.

எண்ணிக்கையும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 1983 திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று வரம்பு கட்டியது. 2019 திருத்தம் அதை இரண்டாக்கியது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதேதான். மூன்று வைத்திருந்தவர்கள் ஒன்றை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. எதை ஒப்படைத்திருப்பார்கள்? சுட முடியாத, தோட்டா பொருந்தாத, தாத்தா காலத்துப் பழசைத்தான்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் துப்பாக்கி குறைவது நல்லதுதான், நானும் அந்தக் கட்சிதான். உரிமம் உள்ளவர் இறந்தால் வாரிசு ஒன்று தன் பெயருக்கு உரிமம் கேட்க வேண்டும், இல்லையேல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். சென்னையில் விண்ணப்பம் போக வேண்டியது கமிஷனர் அலுவலகத்துக்கு, மற்ற மாவட்டங்களில் கலெக்டருக்கு. உரிமம் உள்ளவர் 70 வயதைத் தாண்டியிருந்தாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். ஒப்படைத்ததைக் குறித்த காலத்துக்குள் யாரும் திரும்ப எடுக்காவிட்டால் அரசுடைமை. அதற்குப் பிறகு அது துப்பாக்கி எண் இன்னது என்று ஒரு வரி, அவ்வளவுதான். பட்டையில் என்ன எழுதியிருந்தது என்று அந்த வரியில் இருக்காது.

கொடுக்கும் முன்

அதனால் நான் மாமியிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். துப்பாக்கியைக் கொடுங்கள். கொடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

உரிமம் உயிரோடு இருக்கும்போதே செய்வது உத்தமம். தோட்டா உள்ளே இல்லை என்று தெரிந்தவரை வைத்து உறுதிசெய்துகொண்டு, பகல் வெளிச்சத்தில் பட்டையை நீளவாக்கில் படம் எடுங்கள். குழல் அடி முத்திரைகளைக் கிட்டத்தில், வெளிச்சம் சாய்ந்து விழும்படி. பூட்டுத் தகட்டின் இரு பக்கமும், எண்ணும். பெட்டி மூடியின் உள்ளே கடைச் சீட்டு ஒட்டியிருந்தால் அது குழலைவிட முக்கியம், கடை எந்தத் தெருவில் இருந்தது என்று அதில் இருக்கும். பழைய லைசென்ஸ் புத்தகம், தோட்டா வாங்கிய ரசீது, இவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் எத்தனை தோட்டா, எந்த ஊரில் புதுப்பித்தது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு குடும்பத்தின் நடமாட்டமே இருக்கும். வீட்டில் வழங்கும் கதையையும் எழுதிவையுங்கள், தேதி ஒத்துவராவிட்டாலும். தாத்தா புதுசு என்று சொன்னதும், முத்திரை பழசு என்று சொன்னதும், இரண்டும் சேர்ந்ததுதான் அந்தத் துப்பாக்கியின் வரலாறு.

மாமி வீட்டுப் படங்கள் மொத்தம் முப்பத்தொன்று. துப்பாக்கி உரிமம் பெற்ற கடை ஒன்றில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. தோல் பெட்டி மட்டும் காலியாக இன்னும் பீரோ மேலே இருக்கிறது. அதில் இப்போது வீட்டுப் பத்திரங்கள் வைத்திருக்கிறார். கொஞ்சம் காற்றாடத் திறந்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.